ஒத்திகைக் கேப்டன்

என் அண்ணன் பயிற்சி விமானி வேலைக்கு விண்ணப்பித்திருந்தபோது, பல்கலைக்கழக விடுமுறையின் பெரும்பகுதியை நான் கேப்டனாகக் கழித்தேன். கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் அவன் தேறியிருந்தான். திரையில் ஓடும் புள்ளியைக் கைப்பிடியால் துரத்திக்கொண்டே காதில் விழும் எண்களைக் கூட்டிச் சொல்லும் கணினித் தேர்விலும் தேறியிருந்தான். எஞ்சியிருந்தது ஒன்றுதான். விமானி அறையைப் போல அமைத்த கருவிக்குள் தேர்வாளர் ஒருவர் கேப்டனாக அமர்வார். அவருக்குத் துணை விமானியாக அரை மணி நேரம் இருந்து காட்ட வேண்டும். பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கும் திட்டம் அது. வேறு வழியில் எங்களால் விமானியாக முடியாது. அடுத்த ஆண்டு அண்ணன் வயது எல்லையைத் தாண்டிவிடுவான்.

விமானம் ஓட்டத் தெரியுமா என்று அங்கே பார்ப்பதில்லை. கேப்டன் வேண்டுமென்றே ஒரு தவறு செய்வார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கவனிக்கிறாரா, கவனித்ததைச் சொல்கிறாரா என்று பார்ப்பார்கள். முந்தைய ஆண்டு போய் வந்த நண்பன் ஒருவன் அண்ணனிடம் இவ்வளவுதான் சொல்லியிருந்தான்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து அறையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை அருகருகே போட்டோம். கட்டுப்பாட்டு அறை சொன்னதாக, ஐயாயிரம் அடிக்கு இறங்க அனுமதி என்று அவன் வாசிப்பான். உயரம் குறிக்கும் கருவியாக வைத்திருந்த அட்டையில் நான் வேண்டுமென்றே நாலாயிரம் என்று எழுதுவேன். முதல் நாள் அவன் என் எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"மலையில முட்டிட்டோம். ஏண்ணே சொல்லல?" என்றேன்.

"கேப்டனாச்சே. அவரே பாத்துக்குவாருன்னு நெனச்சேன்."

அது அப்பாவின் வாக்கியம். அப்பா கொழுந்து பறிக்கும் குழுவொன்றின் கங்காணி. காலையில் எல்லாரும் கூடும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் கண்டாக்கு ஐயா, சில நாட்களுக்கு முன்பே பறித்து முடித்த மலைக்கு அவர்களை அனுப்பிவிடுவதுண்டு. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். குழு முழுவதும் கூடையோடு அங்கே போய், தளிரில்லாத செடிகளுக்கு நடுவே நிற்கும். கண்டாக்கு வந்து, தானே பார்த்து, வேறு மலைக்கு அனுப்பும்வரை நிற்கும். எங்கள் தோட்டத்தில் இதற்குப் பெயர் மரியாதை.

அண்ணனுக்கு வாய் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. முதலில் இருமினான். பிறகு, "ஒரு சின்ன விசயங்க" என்று தொடங்கினான்.

"நீ விசயத்துக்கு வர்றதுக்குள்ள நாலு தோட்டம் தாண்டிருச்சுண்ணே."

"சரிங்க தொரை," என்று சலாம் வைத்தான்.

"தொரையப் பாரு. ஏன்டி, தேங்கா துருவச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு," என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

கடைசியில், அனுமதித்த உயரத்தையும் நான் எழுதியதையும் பதற்றமில்லாத ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்டான். நான் நன்றி சொல்லி உடனே திருத்தினேன். ஒவ்வொரு முறையும் உடனே திருத்தினேன்.

தேர்வு முடிந்த மாலை கொழும்பிலிருந்து அழைத்தான்.

"சொன்னியாண்ணே?"

"தெளிவாச் சொன்னேன்."

"அப்புறம்?"

"'எனக்குத் தெரியும், நீங்க உங்க வேலையப் பாருங்க'ன்னுட்டாரு."

"நீ என்னா செஞ்ச?"

"ஓகே சேர்னுட்டேன்."

அவனுக்கு முன்னால் போனவன் மூன்று தடவை சொன்னானாம். மூன்றாவது தடவை, இறங்குவதை நிறுத்துகிறேன் என்று தானே உயரத்தைத் திருத்தி வைத்தானாம். வெளியே வந்த பிறகுதான் அண்ணனுக்கு இது தெரிந்தது.

"நீ ரொம்ப நல்ல கேப்டன்டி," என்றான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

நான் நடித்த கேப்டன் ஒருநாளும் மறுக்கவில்லை. மேலே இருப்பவரிடம் ஒருவர் துணிந்து சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன். அவர் மறுக்கலாம், மறுத்தபிறகும் சொல்லலாம் என்பது, அத்தனை நாள் ஒத்திகையில், எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பித்ததற்கு நன்றி, தெரிவாகவில்லை. காரணம் குறிப்பிடவில்லை. அப்பா வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு கேட்டார்.

"என்னா எழுதியிருக்கு?"

"எடுக்கலைங்கப்பா," என்றான் அண்ணன்.

"அந்தப் பெரியவருகிட்ட மரியாதையாத்தானே பேசுன?"

"ஆமாங்கப்பா."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை.