சொன்ன விலைக்கு ஒரு டப்பா

உத்திரமேரூர் நெல் மண்டியில் வேதாசலம் வாயைத் திறந்தால் விலை இறங்கும். இருபத்திரண்டு வருடம் தரகு பார்த்ததில், யாரும் முதலில் சொன்ன விலைக்கு அவர் தலையாட்டியது கிடையாது. குத்தூசியை மூட்டையின் வயிற்றில் சொருகி இழுப்பார். அதன் பள்ளத்தில் வந்த நெல்லில் ஒன்றை முன்பல்லால் கடிப்பார். “இன்னும் ரெண்டு வெயில் காயணும்” என்பார். நன்றாகக் காய்ந்த நெல்லுக்கும் அதையேதான் சொல்வார். விற்க வந்தவனுக்கு அங்கேயே பாதித் தெம்பு போய்விடும்.

வீட்டுக்கு வாங்குவதும் அப்படித்தான். மனைவி சுலோச்சனாவுக்கு எடுத்த பட்டுப்புடவையில் முந்தானைப் பக்கம் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்திருந்தார். குக்கரில் ஒரு நசுங்கல். சுவர்க் கடிகாரம் நேரம் காட்டும், மணி அடிக்காது. எதைக் கொடுத்தாலும் எவ்வளவு குறைத்து வாங்கினேன் என்பதையும் சேர்த்தே கொடுப்பார்.

எழுபத்தெட்டாம் வருடம் மார்கழியில், அரிசி ஆலை மோட்டாருக்கு பெல்ட் வாங்கி வர முதலாளி அவரை மெட்ராஸுக்கு அனுப்பினார். உனக்கு என்ன வேண்டும் என்று சுலோச்சனாவைக் கேட்டார்.

“ஒண்ணும் வாணாம். அப்டியே வாங்கினாலும், ஒரே ஒரு தபா பேரம் பண்ணாத வாங்கினு வா. நான் இன்னா சொத்த நெல்லாயா? எனக்குன்னு வர்றது எல்லாத்துலயும் கயிச்சிக்கினே கீறியே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பஸ் செங்கல்பட்டு தாண்டியும் வேதாசலத்துக்கு அது இறங்கவில்லை.

பெல்ட்டை வாங்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தார். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் தங்க எழுத்துப் போட்ட தகர டப்பா கண்ணில் பட்டது. சாக்லேட் என்றான் கடைக்காரன். அவன் சொன்ன விலைக்கு ஊரில் ஒரு மூட்டை நெல் வாங்கலாம்.

வேதாசலம் பணத்தை எடுத்து நீட்டினார். கடைக்காரன் கை நீட்டவில்லை. அந்தத் தெருவில் சொன்ன விலையை அப்படியே கொடுக்கிறவன் பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது மஃப்டியில் வந்த கஸ்டம்ஸ்காரனாக இருக்க வேண்டும்.

“பெரியவரே, பத்து ரூபா கொறைச்சிக் குடுங்க” என்றான்.

“வாணாம்.”

“சரி, இருபது.”

“சொன்ன வெலய வாங்கிக்க. கொறச்சின்னா எனக்கு டப்பாவே வாணாம்.”

கடைக்காரன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அவசரமாக அடுத்த ஆளிடம் திரும்பினான். பிரித்து ஒன்று தின்று பார்க்கலாமா என்று கேட்க வேதாசலத்துக்கு வாய்வரை வந்தது. அதுவும் பேரத்தில் சேர்த்திதான் என்று அடக்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் பெல்ட்டைக் காலடியில் போட்டுவிட்டு டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

சுலோச்சனா விளக்கேற்றிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு சாக்லேட்டும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். வேதாசலம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முதலில் அசையாமல் நின்றது, பிறகு சுருங்கியது.

“எவ்ளோ கொறச்சான்?” என்றாள்.

“ஒரு பைசா கொறைக்கல.”

“கசக்குதுயா.”

அவரும் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். தீய்ந்த காப்பிக்கொட்டையை வெண்ணெயில் குழைத்த மாதிரி இருந்தது.

“அவனே இருபது ரூபா கொறைக்கிறேன்னான். நான்தான் வாணாம்னேன்” என்றார்.

சுலோச்சனா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வீட்டு ஆண்டாளம்மாளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒன்று கொடுத்தாள். ஆண்டாளம்மாள் அதைக் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். “கெட்டுப்போய் கீதும்மா. குப்பைல கொட்றதுக்கு வெச்சிருந்தத உன் வூட்டுக்காரரு பாதி வெலைக்கு அடிச்சிக்கினு வந்துட்டாரு” என்றாள்.

மறுநாள் மண்டியில் மூட்டை தூக்கும் பச்சமுத்து கேட்டான்: “இன்னா தரகரே, கெட்டுப்போன சாக்லேட்டு ஒரு லோடு எறக்கிக் கீறியாமே. நமக்கு ஒரு மூட்ட தள்ளிவுடு.”

வேதாசலம் குத்தூசியை அடுத்த மூட்டையில் சொருகினார். ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வாழ்நாளில் முதல் முறையாக அவர் தயாராக இருந்தார். அவரால் ஏமாற முடியும் என்பதைத்தான் யாரும் நம்பவில்லை. ஊர் நம்பாதது போகட்டும். சுலோச்சனா டப்பாவைக் கடுகு, மிளகு டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். “நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு” என்று ஒருநாள் குழம்பு ஊற்றும்போது சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை.

தைப் பொங்கலுக்கு அவள் தம்பி பாண்டுரங்கன் வந்தான். கப்பலில் சமையலறை வேலை அவனுக்கு. காப்பித்தூள் தேடப் போனவன் டப்பாவோடு வந்தான்.

“அக்கா, இது ஏது?”

“அத்த வுட்றா. கெட்டுப்போனது. உங்க மாமா வாங்கினு வந்தாரு.”

அவன் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“கெட்டுப்போவல. இது அப்படித்தான் கசக்கும். மேல் தளத்துல வர்ற பணக்காரங்களுக்கு சாப்பாடு முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு வெப்போம். ரெண்டாவது கேட்டா குடுக்க மாட்டோம். வெல அப்டி.”

“இன்னா வெல இருக்கும்?” என்று சுலோச்சனா கேட்டாள்.

பாண்டுரங்கன் சொன்னான். வேதாசலம் கொடுத்ததைவிடப் பத்து ரூபாய்தான் குறைவு.

வேதாசலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சுலோச்சனா அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“கடக்காரன் தானா கொறைக்கிறேன்னான்னியே, அது நெசமா?”

“நான் இன்னா பொய்யா சொன்னேன்.”

“வர்ற லச்சுமிய வாணாம்னு சொல்ட்டு வந்துகீறே.”

“நீதானே சொன்னே.”

சுலோச்சனா இரண்டாவது சாக்லேட்டுக்கு நீண்ட தம்பியின் கையைத் தட்டிவிட்டு டப்பாவை வாங்கி மூடினாள்.

“போதும்டா. சொன்ன வெலய குடுத்து வாங்கினது.”

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஒன்று எடுத்துக்கொண்டாள். ஆண்டாளம்மாள் எதிரில் நின்றாலும் கொடுப்பதில்லை. மருந்து விழுங்குகிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுவதையும் தின்பாள். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர்.

“எப்டி கீது?” என்று வேதாசலம் கேட்பார்.

“கசக்குது” என்பாள்.

ஒருநாள் அவர் சர்க்கரை டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.