வரதராசா இறைமை பெற்ற கதை

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பிரெஞ்சுக் கடிதம் வந்து பயந்தவர்கள் தேடிப்போகும் ஆள் வரதராசா. பகலில் ஓர் உணவகத்தில் காய்கறி வெட்டுவார். வேலை முடிந்ததும் ரூ பஜோல் தெருவில் ஒரு தேநீர்க்கடையில் இருந்து மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். பத்தொன்பது வருடத்தில் ஒரு படிவக் கட்டத்தில்கூடப் பிழையாகக் குறி போட்டதில்லை. அப்படிப்பட்டவரின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க, 2018இல் குடிவரவு அலுவலகத்தார் ஒரே பிறப்புச் சான்றிதழை மூன்று முறை கேட்டார்கள். மூன்றாம் முறை அவருக்கு மனசு விட்டுப்போனது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசிக் கடை ஐங்கரன் ஒரு காணொளியைக் காட்டினான். தன்னை இறைமையுள்ள மனிதன் என்று அறிவித்துக் கையெழுத்திட்டவனிடம் எந்த அரசும் காகிதம் கேட்க முடியாதாம். வரதராசா அதை நம்பினார் என்பதைவிட, அதன் மாதிரிப் படிவம் அவருக்குப் பிடித்துப்போனது என்பதே சரி. பதினான்கு பக்கம், இணைப்புகள் வேறு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினார். தான் பிரெஞ்சுக் குடியரசுக்குக் கட்டுப்பட்டவன் அல்ல என்ற வரியில் பிரெஞ்சு இலக்கணம் பிழைத்துவிடக் கூடாதென்று எபினே என்ற ஊரில் ஓர் ஆசிரியையிடம் காட்டித் திருத்தினார். பெருவிரலைச் சிவப்பு மையில் தோய்த்துப் பக்கத்துக்குப் பக்கம் பதித்தார். மேசைவிரிப்பில் பட்ட சிவப்பைப் பார்த்தபடி மனைவி நாகேஸ்வரி கேட்டாள்: "அப்ப நான் ஆரின்ரை ஆள்? உங்கடை நாடோ, பிரான்சோ?"

"முதல்ல என்ரை முடியட்டும். உமக்குப் பிறகு பாப்பம்" என்றார் வரதராசா.

கையெழுத்தை உறுதிப்படுத்த தான் குடியிருக்கும் கார்ஜ் நகரசபைக்குப் போனார். கருமபீடத்தில் இருந்த ஜிஸ்லேன் என்ற பெண், என்ன எழுதியிருக்கிறது என்பது தனக்குத் தேவையில்லை, வதிவிட அட்டையும் மின்சாரப் பில்லும் இருந்தால் போதும் என்றாள். இரண்டும் பையில் இருந்தன, நகல்களோடு. அவள் முன்னாலேயே கையெழுத்திட்டார். இறைமையின் மேல் குடியரசின் முத்திரை விழுந்தது. அது கோணாமல் விழுந்ததில் அவருக்கு உள்ளூரத் திருப்தி.

பதிவுத்தபாலில் அதே குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பொலிஸ் வருமோ என்று இரண்டு கிழமை அழைப்புமணிக்கெல்லாம் திடுக்கிட்டார். தேநீர்க்கடையில், இனிப் படிவம் நிரப்புவதில்லை என்று அறிவித்தார். புஸ்பராணி அக்கா பிள்ளைக் கொடுப்பனவுக் கடிதத்தை நீட்டியபோது மட்டும், இதுதான் கடைசி என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் இன்னொருவருக்கும் அதையே சொன்னார்.

ஆறாம் கிழமை பதில் வந்தது. தங்கள் வதிவிட அட்டை விண்ணப்பம் கிடைத்தது. ஆனால் அது முழுமையானதல்ல. நான்கு புகைப்படங்களை முப்பது நாளுக்குள் அனுப்பாவிட்டால் கோப்பு மூடப்படும்.

தன் பதினான்கு பக்கத்தை ஒருவரும் வாசிக்கவே இல்லை என்பதுதான் அவரைச் சுட்டது. கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் எறிந்தார். ஆனால் மூடப்படப்போகும் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அவரால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

"படம்தானே கேக்கினம், எடுத்துக் குடுங்கோவன்" என்றாள் நாகேஸ்வரி.

இருபத்தெட்டாம் நாள், ரயில் நிலையத்தில் தானாகப் படமெடுக்கும் பெட்டிக்குள் புகுந்து திரையை இழுத்துவிட்டு, அரசனுக்குரிய முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிக்கக் கூடாது என்று இயந்திரம் பிரெஞ்சில் சொன்னது. அவர் சிரிக்கவில்லை.