கூடத்துக்குப் பலகை போடுகிறவர்

விடிந்ததும் அழகியமணவாளன் கூடத்தில் முழந்தாளிட்டு, கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளைச் சொம்பைத் தூக்குகிறார். அதன் அடியில், இடித்து இறுக்கிய மண்மேல், முந்தின நாள் வைத்த ஒரு பிடி கல்லுப்பு. இரண்டு விரலால் கிள்ளுகிறார். விரலில் ஈரம் ஒட்டுகிறது. "இன்னிக்கும் அழறது" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, உப்பை வாரிக் கிணற்றடியில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போகிறார். பதினைந்து நாள் உப்பு உலர்ந்தே இருந்தால்தான் தரை காய்ந்தது, பலகை போடலாம் என்று அர்த்தமாம். இந்த இரண்டரை வருஷத்தில் அது ஐந்து நாளைத் தாண்டியதில்லை.

ரங்கூனில் மரக் கிடங்குக் குமாஸ்தாவாக முப்பது வருஷம் இருந்தவர். அங்கே இந்தியர்கள்மேல் நடந்த கலகத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் டிரங்குப் பெட்டியும் நகையுமாகக் கப்பலிலிருந்து இறங்கினார்கள். இவர் இருபத்திரண்டு தேக்குப் பலகைகளோடு இறங்கினார். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். மரம் எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கோயில் கதவைத் தட்டிவிட்டு, "வெட்டி நூறு வருஷத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டுத்தான் பெருமாளைச் சேவிப்பார்.

பலகை அவருக்காக அல்ல, மகள் நாமகிரிக்காக. ஏழு வயதில் வைசூரி கண்ணைக் கொண்டுபோயிற்று. தாயும் ரங்கூனிலேயே போய்விட்டாள். ஆனால் அங்கே வீடு முழுக்க மரத்தரை. எந்தப் பலகை எப்படி முனகும் என்று நாமகிரிக்குத் தெரியும். அப்பா வாசல் ஏறும்போதே காபி டம்ளரோடு எதிரே வந்து நிற்பாளாம். இங்கே சின்னக் காஞ்சிபுரத்தில் சுண்ணாம்புத் தரை, காலடி கேட்காது. வந்த மாதமே முற்றத்துப் படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். "பக்கத்துல ஆள் வந்து நின்னாக்கூடத் தெரியலைப்பா" என்று அழுதாள். மறுநாளே அவர் கடப்பாரை வாங்கினார்.

சுண்ணாம்புத் தரையைப் பெயர்த்தார். திருப்புட்குழியிலிருந்து நடந்து வரும் ராஜவேலு தினமும் திமிசுக் கட்டையால் மண்ணை இடித்தான். அவனை வீட்டுக்குள் விட்டதற்குத் அக்கிரகாரத் தெருவே முகம் சுளித்தது. "அவன் இடிக்காட்டா நீங்க வந்து இடிப்பேளா?" என்று கேட்டார்; அப்புறம் அவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவரும் வரவில்லை. வாலாஜாபாத்திலிருந்து வண்டி வைத்துப் பாலாற்று மணல் வந்தது. மணலுக்குக் கீழே அடுப்புக்கரி பரப்பினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். உப்பு அழுதது. எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டிவிட்டு, இன்னும் ஆழமாகத் தோண்டி, மறுபடியும் இடித்தார்கள். "வைகாசி கருட சேவைக்குள்ளே போட்டுடலாம்" என்பார். இரண்டு கருட சேவை போய்விட்டது.

பலகைகள் ரேழியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, இடையிடையே மூங்கில் சிம்பு செருகி. "மரம் மொதல்ல நம்மாத்துக் காத்தைக் குடிச்சுப் பழகணும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். அடுத்த வீட்டுக்காரனான நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பலகையைப் புரட்டிக்கொண்டிருப்பார். போன ஆடியில் அடிப்பலகை நாலும் முறுக்கிக்கொண்டன. ஒன்றைச் செல் அரித்துவிட்டது. அதைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்த் தாமே பிளந்தார்.

கூடம் இப்படிப் பள்ளமும் மணற்குவியலுமாகக் கிடப்பதால் நாமகிரி சாமான் வைக்கும் உக்கிராண அறையோடு நின்றுவிட்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டு நாலடி நடந்தவள், இப்போது அதுவும் இல்லை. சாப்பாடு அங்கே போகிறது. "இன்னும் கொஞ்ச நாள்டி கொழந்தே" என்கிறார். அவளுக்கு இருபத்துநாலு வயது.

போன வாரம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று கூடத்தின் நடுவில் ஒரு ஆள் ஆழம் தோண்டச் சொன்னார். நானும் நின்றிருந்தேன். அடிமண்ணிலிருந்து தண்ணீர் கசிந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. ராஜவேலு மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"கீழ ஊத்து இருக்குது சாமி. வேகவதி ஆறு பக்கம்தானே. தோண்டத் தோண்ட ஏறிக்கினேதான் இருக்கும். இந்த எடம் மரத்துக்கு ஆவாது. மூடிடலாம் சாமி."

"இன்னும் ஒரு முழம் போ. பாறை வரும். அதுக்கு மேலே அடைச்சுடலாம்."

உக்கிராண அறையிலிருந்து குரல் வந்தது. "மூடச் சொல்லிடுங்கோப்பா. இனிமே போட்டாலும் நான் எங்கே நடக்கப்போறேன்? நேக்கு நடக்கறதே மறந்துபோச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. முறத்தில் அரிசியைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவர் அந்த அறையின் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிவிடலாம் என்று ராஜவேலு குவித்திருந்த மண்ணை ஒரு கூடை வாரித் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு வந்தான். அழகியமணவாளன் வேஷ்டியை மடித்துக் கட்டினார். சுவரைப் பிடித்து மெல்லப் பள்ளத்துக்குள் இறங்கி, அந்தத் தண்ணீரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.