இரண்டு அலுமாரிகளில் ஒரு தோணி

கற்பிட்டியில் தையல் கடை வைத்திருக்கும் பஹ்மிதாவிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் புத்தகங்கள் இருந்தன. எத்தாளையில் அவளுடைய வீட்டுக் கூடத்தில் ஓர் அலுமாரி, படுக்கையறையில் ஒன்று, மிஞ்சியவை கட்டிலுக்கடியில். பலகாரக் கடைக்குப் பை ஒட்டுகிறவர்கள் கிழிக்கப் போன பழைய நூல்களைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிச் சேர்த்தவையே பாதிக்கு மேல். பள்ளிவாசல் மலர், கோயில் மலர், அரபுத்தமிழ் ஏடு என்று எதையும் அவள் விட்டதில்லை. விடாமல் வாசிக்கவும் செய்தாள்.

நாற்பத்துநான்காவது வயதில் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். ஊரையொட்டிய கடல்நீர்க் களப்பின் தீவுகளுக்கிடையே அந்நாளில் ஓடிய தோணிகளைப் பற்றியது. ஒரு வரலாற்றுச் சஞ்சிகைக்கு அனுப்பினாள். நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தச் செய்தி எந்த நூலில் எத்தனையாம் பக்கத்தில் என்ற அடிக்குறிப்பு இல்லாமல் போட முடியாது என்று பதில் வந்தது.

பஹ்மிதாவுக்கு எல்லாம் நினைவிருந்தது, பக்க எண்ணைத் தவிர.

புத்தளத்தில் நூலக வேலை பார்க்கும் தோழி சுதர்சினியிடம் போனில் புலம்பினாள்.

"கொப்பியில எழுதி மாளாது பஹ்மிதா. புத்தகத்தையும் பதியோணும், அடிக்குறிப்பும் போடோணும். ரெண்டுக்கும் பொருத்தமான மென்பொருள் ஒண்டைத் தேடு."

மகளின் பழைய மடிக்கணினியில் தேடல் தொடங்கியது. முதலில் கிடைத்தது ஒரு போன் செயலி. பின்னட்டையில் உள்ள கோடுகளைக் காட்டினால் நூலின் பெயர், ஆசிரியர் எல்லாம் தானாக வரும். பஹ்மிதா வாய் பிளந்தாள். ஆனால் அவளுடைய புத்தகங்களில் இருநூறுக்குத்தான் அந்தக் கோடு இருந்தது. மற்றவை கோடு பிறக்குமுன் அச்சானவை.

அடுத்தது அடிக்குறிப்பு போடுவதில் கெட்டிக்கார மென்பொருள். ஆனால் எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று அது அடம்பிடித்தது. அப்துல் ஹமீது என்று கொடுத்தால் 'ஹமீது' என்று முன்னே வெட்டிப் போட்டு, 'அப்துல்' என்பதைப் பின்னால் தூக்கி எறிந்தது.

"அப்துல்லை எடுத்தா அது மனிசன்ட பேரில்ல, அல்லாஹ்ட பேராயிடும்!" என்று பதறினாள்.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த கணவர் முஹ்ஸின் சிரித்தார். "ஒங்களுக்கு ஏத்தது கெடைக்கிற வரைக்கும் தேடுங்க. நான் தேத்தண்ணி போட்டுத் தாரன்."

மூன்றாவதாக, சுதர்சினி சொன்ன ஸொட்டேரோ என்ற மென்பொருளை இறக்கினாள். இலவசம். பெயரை வெட்டாமல் ஒரே கட்டத்தில் எழுத விட்டது. ஒவ்வொரு நூலின் கீழும் எத்தனை குறிப்பும் எழுதலாம். கட்டுரையில் நூலைக் காட்டினால் அடிக்குறிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. இதுதான் என்று பஹ்மிதா தீர்மானித்தாள்.

ஐந்து மாதம், தையல் இல்லாத பகல்களில் பதிந்தாள். ஊர்ப்பெயர் வரும் பக்கங்களுக்கெல்லாம் இரண்டு வரிக் குறிப்பு. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் போட்டிருந்தால் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் கணித்து எழுதினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு ஆண்கள் போயிருந்த நேரம், களப்புத் தீவுகளில் ஒன்றான 'உச்சமுனை'யின் பெயரைத் தட்டித் தேடினாள். இருபத்தேழு குறிப்புகள் வந்து நின்றன. சம்பவம் நடந்த ஆண்டு வரிசையில் அடுக்கியபோது இரண்டு குறிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

ஒன்று, 1974இல் வந்த பள்ளிவாசல் மலர். ஹிஜ்ரி 1380, அதாவது 1961, ஷஃபான் பிறை இருபத்திரண்டில் உச்சமுனைக்கருகே கலியாணத் தோணி கவிழ்ந்தது; பெயர் தெரியாத மீனவர் ஒருவர் ஒன்பது பேரைக் கரை சேர்த்தார்; அவருக்காக துவாச் செய்யுங்கள். மற்றது, 1987இல் வந்த கத்தோலிக்கக் கோயில் திருநாள் மலர். உச்சமுனை இன்னாசிப்பிள்ளை என்ற முதியவர் சொல்லியிருந்தார்: 1961இல், தவக்காலம் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது ஒன்பது பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன், மணப்பெண்ணின் கையில் மருதோண்டி சிவந்திருந்தது, இருட்டில் அவர்களை இறக்கிவிட்டு வந்ததால் யார் எவரென்று கேட்கவில்லை.

இரண்டையும் பஹ்மிதா முன்பே வாசித்திருந்தாள். பதினொரு வருடமாக ஒன்று கூடத்திலும் மற்றது படுக்கையறையிலும் இருந்தன. ஒன்று பிறையைச் சொன்னது, மற்றது தவக்காலத்தைச் சொன்னது. அதனால் அவள் மனதில் அவை ஒருநாளும் சந்திக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு மலர்களையும் எடுத்துவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "சுப்ஹானல்லாஹ்" என்றாள்.

அடுத்த ஞாயிறு முஹ்ஸினோடு வள்ளத்தில் உச்சமுனைக்குப் போனாள். இன்னாசிப்பிள்ளை இறந்து இருபத்தைந்து வருடமாகியிருந்தது. மகள் பிரான்சிஸ்கா, எழுபது தாண்டியவர், கதிரை எடுத்துப் போட்டார். பஹ்மிதா பள்ளிவாசல் மலரை விரித்து அந்த வரிகளை வாசித்தாள்.

பிரான்சிஸ்கா மலரின் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பிள்ளையள் வீடு போய்ச் சேந்தினமோ எண்டு அப்பா சாகுமட்டும் கேட்டவர். ஆரிட்ட விசாரிக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியேல்ல."

"எல்லாரும் போய்ச் சேந்திருக்காங்கம்மா. ஒங்க வாப்பாக்கு துவாக் கேக்கச் சொல்லி எழுதியும் இரிக்கி."

"பேர் தெரியாமலே கேட்டவையோ?"

"ஓம், பேர் தெரியாமலே."

பிரான்சிஸ்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தைத் தன் விரலால் மெல்லத் தடவினார்.

கட்டுரை தை மாதம் வெளியானது, அறுபத்திரண்டு அடிக்குறிப்புகளோடு. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மர்ஸூக் ஹாஜியார் போன் எடுத்து, இனிப் பெயர் சொல்லியே துவாக் கேட்பதற்காக அந்த மீனவரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். பஹ்மிதா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று சொன்னாள்.