மணிக்கணக்கில் படுத்து நான் உருவாக்கிய டாக்டர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொந்தக்காரன் ஒருத்தன்கூட கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் கதிர் அறுப்பு மிஷின் மூன்று வாங்கினேன். மானாம்பதியில் மாடி வீடு கட்டினேன். மிஷின் நிறுத்த ஷெட் போட்டேன். இவை போக, உத்திரமேரூரில் ஒரு சைக்கோஅனலிஸ்ட்டையும், அதாவது பேசவைத்தே குணப்படுத்தும் மனநல டாக்டரையும், உருவாக்கினேன். அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தொழிலுக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதல் நாள்

எனக்கு வந்த வியாதி விக்கல். மேடையில் வேறு யாரையாவது பாராட்டினால் விக்கல் வரும். பேச்சு முடிந்தால் நின்றுவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி, பஜாரில் காதர் பாய் மருந்துக் கடைக்கு மேலே இருந்த சுகந்தி டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா அப்போது பயிற்சியில் இருந்தார். மருந்து, ஊசி எதுவும் கிடையாது. நாம் கட்டிலில் மல்லாந்து படுத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார். பயிற்சி முடிய வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரே ஆள், இரண்டு வருஷம். அந்த ஆள் நடுவில் விட்டால் வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் ஓடிவிட்டதாகக் காதர் பாய் சொன்னார். தலைமாட்டில் ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்திருப்பது எழவு வீடு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் மூன்றாம் நாளே போய்விட்டாராம்.

நான் கட்டிலைப் பார்த்தேன். தலையணை வடக்கே இருந்தது.

"இன்னா டாக்டரம்மா, வடக்கால தல வெச்சி உயிரோட கீறவன் எவனாவது படுப்பானா?"

"அதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது சார்?"

"கட்டில திருப்பணும்னு தோணுது."

திருப்பினோம். தலைமாடு கதவுப் பக்கம் வந்தது. அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கதவு திறக்காது. நடுவில் யாரும் நுழைய முடியாது. இந்தத் தொழிலுக்கு அதுதான் சரி என்று நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

முதல் வருஷத்திலேயே விக்கல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் படுத்ததெல்லாம் அவருடைய படிப்புக்காக.

2. முனுசாமி படுத்த மணி

ஒன்றரை வருஷம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தை மாதம் திருமுக்கூடலில் அறுப்பு. வானம் மூடிக்கொண்டு நின்றது. யார் வயலில் முதலில் இறங்குவது என்று சண்டை. என்னால் நகர முடியவில்லை. எங்கள் தொழிலில் எல்லாம் மணிக்கணக்கு. ஒரு டிரைவர் வரவில்லையென்றால் இன்னொருவனை ஏற்றுவோம், மணி ஓடும். பெல்ட் அறுந்து என் டிரைவர் முனுசாமியின் மிஷின் சும்மா நின்றது. டாக்டரம்மாவின் மணி குறையக் கூடாதே என்று அவனை அனுப்பினேன்.

"நான் இன்னா பேசுவேனோ அத்த பேசிட்டு வா."

சாயங்காலம் வந்து சொன்னான். வேண்டாம் என்று அந்த அம்மா சொல்வதற்குள் படுத்துவிட்டானாம்.

"ஓனர், உங்கள மாதிரியே பேசினேன். 'நான் ஏகாம்பரம், மூணு மிஷினு வாங்கினேன்'னு ஆரம்பிச்சேன்."

"சரி."

"'வாங்குனதுதான் நானு. ஓட்டிக்கினு கீறது முனுசாமி. சேத்துல மாட்டுனா எறங்குறதும் அவன்தான். ஆனா அவன் பேர ஊர்ல சொல்ல எனக்கு வாய் வரல'ன்னேன்."

"டேய், நான் எப்படா அப்டி சொன்னேன்?"

"சொல்லல. மன்சுல வர்றத சொல்ணுமாமே. உங்க மன்சுல அதான் கீதுன்னு நெனச்சேன்."

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"'ம்'ன்னாங்க. அப்புறம் பாதியில எழுப்பி அனுப்சிட்டாங்க."

ஒன்றரை வருஷத்தில் எனக்கு அந்த அம்மா ஒரு 'ம்'கூடக் கொடுத்ததில்லை. நான் போவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க பஜாருக்குப் போனேன். நான் கட்டிலில் படுத்திருக்க வேண்டிய மணி அது. எதிர்க் கடையில் டீ குடித்தபடி மாடி ஜன்னலைப் பார்த்தேன். ஃபேன் ஓடியது. காலிக் கட்டிலின் தலைமாட்டில் சுகந்தி டாக்டர் உட்கார்ந்திருந்தார். காதர் பாய் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"நாலு நாளா இப்டித்தான் ஏகாம்பரம். ஆளில்லாத கட்டிலுக்கு வைத்தியம் பாத்துக்கினு கீது அந்தப் பொண்ணு. நீ வரலன்னா மாசக் கடைசியில ரூமக் காலி பண்ணுதாம். படிப்பே வேணாமாம்."

"எனக்கு போன் பண்ணலாமில்ல?"

"பண்ணக் கூடாதாம். ஒக்காந்துக்கினே இருக்கணுமாம்."

வயலில் வேலை இல்லாமல் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் மிஷினைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன். நாற்காலி நகர்ந்தது. போய்ப் படுத்தேன். மணி முடியும் நேரத்தில் சொன்னேன்:

"சேத்துல எறங்குறது அவன்தான்."

தலைமாட்டிலிருந்து "ம்" என்று கேட்டது.

3. ரிப்போர்ட்

இரண்டு வருஷம் முடிந்தது. சென்னையில் உள்ள பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட்டை என் சம்மதத்துக்காகப் படித்துக் காட்டினார். 'நோயாளி ஒரு ஜவுளி வியாபாரி' என்று இருந்தது.

"யாரும்மா அவன்?"

"நீங்கதான் சார். அடையாளம் தெரியக் கூடாதுன்னு தொழிலை மாத்தியிருக்கேன். பேரும் போடக் கூடாது."

"படுத்தது நானு, பேரு ஜவுளிக்காரனுக்கா?"

"விதி சார்."

சம்மதம் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அவருக்குச் சான்றிதழ் வராது. இப்போது மாடியில் போர்டு தொங்குகிறது.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ஒரு மணியை ஒப்புக்கொண்டால் நீங்களே போய்ப் படுங்கள். மாற்று ஆள் அனுப்பினால் உங்களைப் பற்றி அவன்தான் பேசுவான்.

டாக்டரம்மாவுக்கு இதன் மூலம் கேட்டுக்கொள்வது: ரகசியத்தை நானே உடைத்துவிட்டேன், இனிமேல் விதி குறுக்கே நிற்காது. போர்டில் உங்கள் பேருக்குக் கீழே 'பயிற்சிக்குப் படுத்தவர்: மானாம்பதி ஏகாம்பரம்' என்று எழுத வேண்டும். முனுசாமி பேரையும் போடுங்கள். அரை மணி நேரம் என்று குறிப்பிட்டு.