இருநூறாவது பறவை

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தான் ஏறாத லிஃப்ட்டுக்கு இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் அவருக்கு இது ஒன்றுதான் பெருமை. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இதுதான் தலைவலி. ஆஸ்பத்திரியோ ஜவுளிக் கடையோ, கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை, அப்புறம் நடுவழியில் வேண்டுமென்றே நிறுத்தி ஒரு தடவை. கூட வரும் கட்டட மேலாளர்களுக்கு அந்த மூன்றாவது தடவையில் வேர்த்து வழியும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பேனாவைத் திருகி மூடிய பிறகுதான் மனுஷன் முகத்தில் சிரிப்பு வரும்.

வாரத்தில் ஆறு நாள் இரும்புப் பெட்டிக்குள் நிற்பவர், ஏழாம் நாள் மரப்பெட்டிக்குள் போய் உட்காருவார். அதற்குப் பெயர் பறவை பார்ப்பது. ஊரை ஒட்டி வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு சதுப்பு நிலக் காப்பகங்கள். இரண்டிலும் தண்ணீர் ஓரமாக ஒரு மரக்குடில், உள்ளே ஒரு நீள பெஞ்சு, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே ஒரு நீள ஜன்னல். ஆள் பறவையைப் பார்க்கலாம், பறவை ஆளைப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. பறவைகளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

பறவைச் சங்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள், இருபத்து மூன்று விதிகள். அதில் பதினான்கு விதிகள் செயலாளரான நம் இன்ஸ்பெக்டர் கைப்பட எழுதியவை. புது வகைப் பறவை ஒன்றைப் பார்த்தால், குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் தாங்களும் அதைப் பார்த்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்; பறவையைக் கண்டவர் கடைசியாகக் கையெழுத்திட வேண்டும். இருநூறு வகை பார்த்தவரின் பெயரைக் குடில் வாசலில் உள்ள பலகையில் பெயிண்டால் எழுதுவார்கள். இதுவரை அந்தப் பலகையில் ஒரே பெயர், தலைவரான மருந்துக்கடைக்காரருடையது. ஒற்றைப் பெயருக்கு அவ்வளவு பெரிய பலகை எதற்கு என்று இன்ஸ்பெக்டருக்கு ஒவ்வொரு வாரமும் வயிறு எரியும்.

அவர் நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்று பதினாலு மாதம் ஆகிறது. மாடிக்கு ஒரு அடி குறைவாக நின்றுபோன லிஃப்ட்டுக்குள் இருப்பவன் பாடு. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பல் தேய்க்கும்போதும் அதே நினைப்பு.

அந்த இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை வடக்குக் காப்பகத்துக்கு அவருடைய மனைவியும் வந்திருந்தாள். தையற்கடை வைத்திருப்பவள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாச்சு, ஒரு ஞாயித்துக்கிழமையாவது உங்க மூஞ்சிய முழுசா பாத்திருக்கேனா?" என்று கேட்டுவிட்டு, பொத்தான் தைக்க வேண்டிய சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காலை நன்றாகவே இருந்தது. தண்ணீர்மேல் பனிமூட்டம். பழுத்த இலைகள் ஒன்றும் இரண்டுமாக விழுந்து மிதந்தன. வடக்கேயிருந்து புதிதாக வந்திறங்கிய வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கின. இவ்வளவு அழகையும் இன்ஸ்பெக்டர், ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டவை என்ற ஒரே காரணத்துக்காக, ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு எதிர்க்கரை நாணலுக்குள் அவர் அதைக் கண்டார். பழுப்பு உடம்பு, கறுப்புக் கோடுகள், வானத்தைப் பார்த்து நீட்டிய அலகு. பெருங்குருகு! கூச்சம் பிடித்த பறவை. ஆபத்து என்று பட்டால் அலகை மேலே தூக்கி, நாணலோடு நாணலாக அப்படியே நின்றுவிடும்.

"ஏங்க, அது கட்டைங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"கட்டை மாதிரிதான் தெரியும். அதுதான் அதோட சாமர்த்தியம்."

"அசையவே இல்லையே."

"அதான் சொல்றேன்! வேற பறவையா இருந்தா இந்நேரம் அசைஞ்சிருக்குமே."

இருபது நிமிஷம் அது அசையவில்லை. அவருடைய சந்தேகம் அறவே தீர்ந்தது. தலைவருக்கு ஃபோன் போட்டார்.

அரைமணி நேரத்தில் ஆறு உறுப்பினர்கள் வந்து சேர்ந்தார்கள். வாசல்வரை ஓட்டம், உள்ளே நுனிக்கால் நடை. மருந்துக்கடைக்காரர் முதலில் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். குமிழை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். இன்னொருத்தன் முதலில் கண்டதைத் தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல எந்தத் தலைவருக்கு மனசு வரும்?

"அருமை," என்றார். "இப்பத்தான் கண்ணச் சிமிட்டுச்சு."

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் பார்வை வந்துவிட்டது. பேக்கரிக்காரருக்குக் கழுத்து துடிப்பது தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாள், "சந்தேகமே இல்ல, ஆண் பறவை," என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். பதிவேட்டில் பெருங்குருகு, ஒன்பது நாற்பது என்று எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் அங்கிருந்தபடியே பெயிண்டரிடம் ஃபோனில் பேசி, மறுநாள் வரச் சொன்னார்.

கண்டவர் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். திறந்தவர், தொழில் புத்தி விடுமா, கடைசியாக ஒரு தடவை டெலஸ்கோப்பில் குனிந்தார். அதற்குள் பனி விலகி நல்ல வெயில் வந்திருந்தது. பறவையின் கண் இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி. அதிலிருந்து ஒரு சாண் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய வேலிக் கட்டை.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னிக்கணும். அது கட்டைங்க," என்றார்.

"அதெப்படி?" என்றார் தலைவர். "கண்ணச் சிமிட்டுச்சுன்னு நான்தானே சொன்னேன்?"

"ஆணி சிமிட்டாதுங்க."

தலைவர் டெலஸ்கோப்பில் குனிந்தார். ஆணி அவருக்கும் தெரிந்தது. முகம் ஒரு விநாடி சுருங்கியது. ஆனால் இருபது வருஷம் தலைவராக இருந்தவர் ஆணிக்கெல்லாம் அசைந்துவிடுவாரா?

"பறவை பறந்துபோயிருக்கும். அது மறைச்சிட்டிருந்த கட்டை இப்பத் தெரியுது, அவ்வளவுதான்."

"அதான் சரி," என்றார் பேக்கரிக்காரர், உயிர் திரும்பி வந்தவராக.

"ஆறு பேர் பாத்தாச்சு. உங்க ஒருத்தர் கண்ணுதான் ஒசத்தியா?" என்றாள் டிரைவிங் ஸ்கூல் அம்மாள். "பேசாம கையெழுத்தப் போடுங்க. நாங்க டீ குடிச்சிட்டு வரோம்."

எல்லோரும் போனார்கள். பதிவேடு பெஞ்சில் திறந்தே கிடந்தது. இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன்? ஒரு கிறுக்கல் போதும், நாளைக்குப் பலகையில் பெயர். கட்டை வந்து காட்டிக்கொடுக்கப் போவதில்லை. பேனா முனையைத் தாளுக்கு அருகில் கொண்டுபோய்விட்டார்.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "இங்க ஒரு கட்டை நடக்குது."

ஜன்னலுக்கு வலது பக்கம், பத்தடி தூரம்கூட இல்லை. நாணலை விலக்கிக்கொண்டு ஒரு பெருங்குருகு வெளியே வந்தது. பச்சைக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, யோசித்து யோசித்து வைத்தது. தண்ணீருக்குள் அலகை விட்டு ஒரு மீனைப் பிடித்தது. மீன் கழுத்து வழியாக இறங்குவது வெளியிலேயே தெரிந்தது. பிறகு ஜன்னலை நேராகப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் பைனாகுலரை எடுக்கவில்லை, மணி பார்க்கவில்லை. மூச்சுகூட ஒழுங்காக விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை அழகு! வந்த வழியே அது நாணலுக்குள் போய் மறைந்த பிறகும், இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தாச்சுல்ல? இப்பப் போடுங்களேன் கையெழுத்த," என்றாள் அவள்.

"எப்படிப் போடறது? அவங்க ஆறு பேரும் கட்டைக்குல்ல சாட்சி சொல்லியிருக்காங்க? ஒரு லிஃப்ட்டுக்கு எழுதின சர்டிபிகேட்ட இன்னொரு லிஃப்ட்டுல ஒட்டச் சொல்றியா?"

"அப்போ அத அடிச்சிட்டுப் புதுசா எழுதுங்க. நான் பாத்தேன், நான் சாட்சி."

"நீ உறுப்பினர் இல்லையே. உறுப்பினரா இருந்தாலும் சொந்தக்காரங்க சாட்சி செல்லாது."

"எந்த மகராசன் போட்ட விதி அது?"

தலைவரின் மச்சான் கண்ட ஒரு பறவையைச் செல்லாமல் ஆக்குவதற்காக ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதிய மகராசன், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பதிவேட்டை எட்டிப் பார்த்த தலைவருக்கு முகம் கறுத்தது. "இன்னும் போடலையா? சரி, அத விடுங்க. நாங்க போனப்புறம் மறுபடி ஏதாவது வந்துச்சா?"

ஆறு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். 'வந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும்கூட. ஆனால் அந்த நிமிஷமே கட்டைக்குச் சிறகு முளைத்துவிடும். 'பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்ல' என்று ஆறு பேரும் குதிப்பார்கள். கண் சிமிட்டியது, கழுத்து துடித்தது, ஆண் பறவை, எல்லாமே உண்மையாகிவிடும். நாளைக்குப் பெயிண்டரும் வந்துவிடுவான்.

மனைவி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் வரலைங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவைத் திருகி மூடினார்.

தலைவர் இரக்கத்தோடு அவர் தோளில் கை வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. ஆறு பேருக்குத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியலைன்னா, அதுக்கு ஒரே காரணம்தான். ஒரு நல்ல டாக்டரா பாத்துக் கண்ணக் காட்டிருங்க."

"காட்டறேங்க," என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்பப் பணிவாக. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது மனைவிக்கு மட்டும் தெரிந்தது. அவள் சட்டைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு எழுந்தாள்.