அக்காவின் சக்களத்தி

அத்தானுக்குக் கடைத்தெரு முக்கில் ரெண்டு நாற்காலி போட்ட சலூன். வாரம் முழுக்க அங்கே நின்றபடியே வேலை. விடுமுறையன்று மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. கால்வாய்க்கரையில் தன் மோட்டார் படகின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார்.

நாலு பேர் உட்காரலாம், ஒருவர் படுக்கலாம், அவ்வளவுதான் படகு. யாரோ தார்ப்பாய் போட்டு மறந்துவிட்டுப் போனதை வாங்கி, அடியில் பிடித்திருந்த பாசியைச் சுரண்டியே உயிர் கொடுத்தார். "தாடி எடுக்கிற மாதிரிதான் மாப்ள. என்ன, இது தலையைத் திருப்பாது, நாமதான் சுத்தி வரணும்" என்பார். குளிர்காலத்தில் பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிவந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுவார். வீட்டுத் துண்டு எல்லாவற்றிலும் டீசல் வாடை.

அக்கா அந்தப் படகுக்கு வைத்த பெயர் சக்களத்தி.

"கட்டிக்கிட்டது என்னை. குளிப்பாட்டுறது அவளை."

எல்லாம் கிண்டலாகத்தான் இருந்தது, போன மழையில் அத்தான் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் வரை. கத்தி பிடிக்கிற கை. மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்து, தன் வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள்: "ஒரு தடவை நானே அதுல வந்து பார்க்கிறேன். எனக்குப் பயமா இருந்துச்சுன்னா வித்துடணும்." வாங்க ஆளும் தயார். கடைக்கு முடிவெட்ட வரும் மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவராக என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என்னை நகரத்துக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தது அத்தானின் கத்தரிக்கோல்தான். அதனால் என் பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் அவர் கடைக் கண்ணாடிக்கு மேலேதான். முகம் மழிக்க உட்காருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்தே ஆகவேண்டும்.

அத்தானிடம் ஒரு பழக்கம் உண்டு. படகின் என்ஜின், தான் சூடாகாமல் இருக்க, கால்வாய்த் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துப் பின்பக்கக் குழாய் வழியாகத் துப்பும். உறிஞ்சும் வழியில், தரைப் பலகைக்கு அடியில், ஒரு வால்வு. வீட்டுக்குக் கிளம்பும்போது அதை மூடிவிட்டு, என்ஜின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவார். அடுத்த முறை சாவியை எடுக்கக் குனிந்தால் கை தானாக வால்வைத் திறக்கும். படகு வைத்திருக்கிறவர்களின் தந்திரம் அது.

அன்று அத்தான் கரையில் டீசல் வாங்கிக்கொண்டிருந்தார், நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முதலில் ஏறினாள். ஏறினால் சும்மா இருப்பாளா? பலகையைத் தூக்கிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கில் தொங்கிய சாவியைத் துடைத்து, ஸ்டியரிங் பக்கத்துக் கொக்கியில் அழகாக மாட்டிவைத்தாள். அத்தான் வந்தார். மனைவி வந்த சந்தோஷம், கைக்கெட்டும் இடத்தில் சாவி. போட்டார், கிளம்பினோம்.

அக்கா ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். வாத்துக்கூட்டம் ஒன்று விலகி வழிவிட்டதும் ஒரு கையை எடுத்தாள். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்போதுதான் அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது துப்பலையே?"

"எது?"

"பின்னாடி. தண்ணி துப்பும் துப்பும்னு சாப்பிடும்போதெல்லாம் உயிரை வாங்குவீங்களே. வெறும் புகைதான் வருது."

அத்தான் முகம் வெளுத்தது. என்ஜினை அணைத்தார். நான் கயிற்றோடு குதித்து, முழங்கால் வரை நனைந்து, கரையோர மரத்தில் படகைக் கட்டினேன். கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவன் நான். தண்ணீர் ஏறாமல் ஓடினால் பம்ப் உள்ளே தேய்ந்து நாசமாகும் என்று தெரியும்.

பலகையைத் தூக்கினார். வால்வு மூடியே இருந்தது.

"சாவி மேல எப்படி வந்துச்சு?"

"நான்தான் துடைச்சு மாட்டினேன். ஏன்?"

அத்தான் ஒரு மூச்சு விட்டார். "ஒண்ணுமில்ல. வால்வைப் பார்க்காம ஸ்டார்ட் பண்ணது நான்தான்."

தண்ணீரை உறிஞ்சும் பம்பைக் கழற்றினார். உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தில் ரெண்டு இறக்கை கிழிந்திருந்தது. துண்டுகள் பைப்பில் ஏறாமல் அங்கேயே கிடந்தது எங்கள் நல்ல நேரம். புதுச் சக்கரம் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. ஆனால் அதை மடக்கி உள்ளே தள்ள வழுக்கலாக எதையாவது தடவவேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரையிலேயே விட்டுவிட்டோம்.

"உங்க பையில ஷேவிங் கிரீம் இருக்குமே?" என்றாள் அக்கா.

இருந்தது. நுரை தடவிய சக்கரம் சமர்த்தாக உள்ளே போனது. அக்கா ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தபடி, இரும்பு விளிம்பு கிழிக்காமல் இருக்க அவர் மணிக்கட்டுக்கு அடியில் தன் துண்டை மடித்துவைத்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஷேவிங் முடிஞ்சுதா?" என்றாள், நுரையோடு இருந்த சக்கரத்தைக் காட்டி.

"முடிஞ்சுது. பவுடர்தான் பாக்கி."

வால்வைத் திறந்து என்ஜினைப் போட்டார். அக்கா பின்பக்கம் குனிந்து நின்றாள். "இல்லை... இன்னும் இல்லை..." குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு நுரையும் தண்ணீருமாகக் கொட்டியது.

"துப்பிட்டா! துப்பிட்டா!"

சக்களத்திக்காக அக்கா கைதட்டி அன்றுதான் பார்த்தேன். அத்தான் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து படகைக் கட்டும்வரை ஒருவரும் விற்கிற பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் அத்தான்தான் கேட்டார். "நடுவர் என்ன சொல்றீங்க?"

"அவனை ஏன் கேக்குறீங்க? எனக்குப் பயமா இருந்துச்சான்னு என்னைக் கேளுங்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் முகம் விழுந்தது.

"இதையே நீங்க தனியா வந்து பண்ணியிருந்தா? அதை நினைச்சாதான் இன்னும் பயமா இருக்கு. இனிமே பின்னாடி பார்க்க நான் வருவேன். மேல் பலகையில வழுக்காத மாதிரி ஏதாவது ஒட்டுங்க முதல்ல."

சொல்லிவிட்டுக் குனிந்து வால்வை மூடினாள். சாவியை, பிசுக்கென்றும் பாராமல், அதன் கைப்பிடியிலேயே மாட்டினாள்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கன்னமெல்லாம் நுரையோடு, "படகு விஷயம் என்னாச்சு?" என்று கேட்டார்.

அத்தான் கத்தியைத் துடைத்துக்கொண்டே, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"நான் என்ன பண்றதுங்க? வீட்ல விக்க விடமாட்டேங்கிறாங்க."